வாசப்பிடி

வரட்டும். எங்க போயிடப் போறா, இந்த வாசலத் தாண்டித்தானே உள்ள போயாகணும். தையநாயகி காலை மடக்கி, மதில்ல முதுகைக் குடுத்துச் சாஞ்சுக்கிட்டு, முந்தானை முடிச்ச இன்னொரு தடவ தொட்டுப் பாத்துக்கிட்டா. இருக்கு. ஒரு பிடி பச்சரிசி, விடியறதுக்குள்ள கல்லு பொறுக்கி முடிஞ்சு வெச்சது. ஆடிச் செவ்வாய்னா வாசல்காத்த மாரியம்மன் கோயில் வாசல்ல உக்கார்ற அத்தனை பிச்சைக்காரங்க துணியிலயும் இப்படி ஒரு முடிச்சு இருக்கும். மடிப்பிச்சை எடுக்கறேன்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டவங்க, அது எப்பேர்ப்பட்ட பங்களாக்காரியா இருந்தாலும் சரி, ஊரெல்லாம் முந்தானைய ஏந்தி அரிசி வாங்கி முடிச்சிட்டு, கடைசியா இந்த வாசல்ல குந்தியிருக்கற பிச்சைக்காரங்ககிட்ட வந்து ஆளுக்கு ஒரு பிடி வாங்கணும். வாசப்பிடின்னு பேரு. வாங்கித் தின்னறவ கையால வாங்கினாத்தான் ஆத்தா ஏத்துக்குவாளாம். யாரு வெச்ச வழக்கமோ, வெச்சவ நல்லா இருக்கணும், ஏழு தலைமுறைக்கு நல்லா இருக்கணும். ஏன்னா இன்னைக்கு மடியேந்தி வர்றவ கோமளவல்லி. ரைஸ் மில்லு கோமளவல்லி. காலையில, வரிசையில இவளுக்கு அடுத்து உக்கார்ற பக்கீரு மீரான் பாவா சாம்பிராணிச் சட்டியோட கடைத்தெருவ ஒரு சுத்துச் சுத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்து, பச்சைத் தலைப்பாவ அவுத்து விசிறிக்கிட்டே, ஏதோ வெயிலப் பத்திப் பேசற மாதிரி சொன்னாரு. "மில்லம்மா வருது தையு. விடியக்காலமே மாதா கோயில் வாசல்ல வாங்கிட்டாங்க, இப்ப தர்கா வாசல்ல நிக்கிறாங்க. வெயில் ஏறினதும் உங்க ஆத்தா வாசலுக்குத்தான். மகனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம், மூணு வாசல்லயும் வேண்டியிருக்காங்களாம்." தையநாயகி வாயத் தொறக்கல. தொறந்தா சிரிப்பு வந்துடும்னு பயமா இருந்துச்சு. வரிசையில மொத ஆளு அவதான், மதிலோட மூலையில, வாசப்படிக்கு ஒட்டி. அவளத் தாண்டித்தான் பாவா, பாவாவத் தாண்டித்தான் மத்தவங்க. மொதப் பிடி அவ கையிலதான் வாங்கியாகணும். வாங்க வரட்டும். அப்ப சொல்லணும். சாபம் கீபம் எல்லாம் வேணாம், மண்ண வாரித் தூத்தற வேலையும் வேணாம். ரெண்டே வார்த்தை. மேல போ.

மேல போ. அதச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டா, உதடு அசையாம. எந்த மாதிரி சொல்றது? பிச்சை கேட்டுப் போனா சில வீட்டுல அலுப்பாச் சொல்லுவாங்க, கை வேலையா இருக்கேன் மேல போம்மான்னு, அதுல ஒரு மரியாதை இருக்கும். சில பேரு மூஞ்சியப் பாக்காமலே சொல்லுவாங்க, போன்ல பேசிக்கிட்டே, கைய மட்டும் அசைச்சு. மில்லுக்காரி அன்னைக்கு மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னா. அன்னைக்கும் ஆடிதான், இதே மாதிரி காத்து மண்ண அள்ளிக் கண்ணுல போட்டுக்கிட்டு இருந்துச்சு. தையநாயகி அப்ப பிச்சைக்காரி இல்ல. அவ மில்லுக் களத்துல அவிச்ச நெல்லக் காயப் போட்டுக் காலால கிண்டிவிடறவ, புருசன் சிங்காரம் அதே மில்லுல நெல்லு அவிக்கற தொட்டியில. கூலி ஏத்திக் குடுன்னு மில்லு வாசல்ல கொடி நட்டு நாலு பேரு நின்னப்ப அதுல ஒருத்தனா நின்னான், அவ்வளவுதான், பெரிய தலைவன்லாம் ஒண்ணும் இல்ல, கோஷம் போடறப்பக்கூட அடுத்தவன் வாயப் பாத்துத்தான் போடுவான். அந்த நேரம் பாத்துத்தான் கலியனுக்குக் காச்சல் கண்டுச்சு. கலியன், கலியமூர்த்தி, நாலு வயசு. தூங்கணும்னா அம்மா காதைப் புடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவான், இடது காது, மடல மடிச்சு விரலுக்குள்ள வெச்சுக்குவான். இப்பவும் வெயில் அந்தப் பக்கமா விழுந்தா காது சுடுது. ஆஸ்பத்திரியில மூளைக் காச்சல்னாங்க, ஊசி போட்டாங்க, பாப்போம்னாங்க. பாப்போம்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தி, மஞ்சச் சேலை ஈரத்தோட, மடிப்பிச்சைன்னு தெருவுல எறங்கிட்டா. மடிப்பிச்சை கேட்டு வர்றவளுக்கு இல்லைன்னு சொல்ற வீடு உண்டா? ஒரு வீட்டையும் தாண்டக் கூடாது, வரிசையாப் போகணும். போட்டாங்க, எல்லாரும் போட்டாங்க, இவள ஏறெடுத்துப் பாக்காதவங்ககூடப் போட்டாங்க. மடி கனத்துச்சு. மில்லுக்காரி வீட்டு கேட்டுக்கு வந்தா. தாயே மடிப்பிச்சைன்னா. கோமளவல்லி வெளிய வந்து மேலயும் கீழயும் பாத்து, "கொடி புடிச்ச கை இன்னைக்கு மடி புடிச்சுக்கிட்டு வந்திருக்கோ? மேல போ"ன்னா. கேட்டைச் சாத்தினா. அந்த இரும்புச் சத்தம். அப்புறம் அந்த முறம். வேணாம், முறம் வேணாம், அத இப்ப நெனைக்க வேணாம். கேட்டைச் சாத்தினா, மடி முறிஞ்சு போச்சு. மடிப்பிச்சையில ஒரு வீடு இல்லைன்னா மடி முறிஞ்சுதுன்னுதானே அர்த்தம், வேண்டுதல் செல்லாதுன்னுதானே அர்த்தம், ஆத்தா கையக் கழுவிட்டான்னுதானே அர்த்தம். அவ திரும்பி நடந்தா. கலியன் மறுநா விடியறப்ப போயிட்டான்.

அந்த அரிசி. அத என்ன செய்யறது? சமைக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது, ஆத்தாளுக்குப் பொங்கவும் முடியாது, முறிஞ்ச மடி. காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் அதே மஞ்சச் சேலையில அந்த அரிசியக் கட்டித் தூக்கிக்கிட்டு வந்து இந்த வாசல்லதான் குந்தினா. உள்ள போகத் தைரியம் இல்ல, வீட்டுக்குப் போக மனசு இல்ல. சாயங்காலம் ஒரு புண்ணியவான் பிச்சைக்காரின்னு நெனைச்சு ஒரு வாழைப்பழத்த மடியில வெச்சிட்டுப் போனான். தின்னா. பசிச்சுது, தின்னா. பிச்சைக்காரியா ஆனது அப்படித்தான், யாரும் துரத்தி விடல, யாரும் கூப்பிடவும் இல்ல. சிங்காரம் அந்த வருசமே திருப்பூருப் பக்கம் போனான், திரும்பல. இவ குந்தினவ எந்திரிக்கல. செவ்வாயும் வெள்ளியும் ஆத்தா வாசல். வியாழக்கெழம தர்கா, முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டு. ஞாயித்துக்கெழம மாதா கோயில், கழுத்துல யாரோ குடுத்த செபமாலை. யாரும் ஒண்ணும் கேட்டதில்ல, நீ எந்தச் சாமின்னு. குடுக்கறவனுக்கு வாங்கறவ சாமி எதுக்கு? மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வர்றப்ப புள்ளைங்க கையில காசக் குடுத்துப் போடச் சொல்லுவாங்க, அதுங்க பயந்துக்கிட்டே போட்டுட்டு அப்பன் பின்னால ஒளியும். தவக்காலத்துல தாராளம், ஈஸ்டர் முடிஞ்சா கையிறுகிப் போகும். தர்காவுல நோய்ப்பட்ட புள்ளத் தலையச் சுத்திக் காசக் குடுப்பாங்க, நோம்பு மாசத்துல கஞ்சி, சூடா, இஞ்சி மணக்க, அதுல ஒரு குறை சொல்ல முடியாது. ஆத்தா வாசல்ல அள்ளி எறியறவனும் உண்டு, கையில வெச்சுக் கும்புடறவனும் உண்டு. ஒரு தடவ எந்தத் தேசத்துலேருந்தோ மஞ்சத் துணி கட்டின மொட்டைச் சாமியாருங்க பஸ்ஸுல வந்து எறங்கி, பாத்திரத்த வயித்துக்கு நேரா புடிச்சிக்கிட்டு வாயே தொறக்காம வரிசையா நின்னாங்க. கேக்கவே மாட்டாங்களாம். கேக்காம வாங்கறதும் ஒரு பிச்சையா, வாயில்லாத பொழப்புன்னு அவளுக்குச் சிரிப்பாணியா வந்துச்சு. ஆனா ஒண்ணு, எல்லா வாசல்லயும் ஒரே நியாயம். குடுக்கறதுக்குன்னு எடுத்த பிடிய திரும்பப் போடக் கூடாது. தலையச் சுத்தின காச எந்தத் தாயும் திரும்பப் பையில போட மாட்டா. மாதாவுக்குன்னு நேந்த கோழிய எவனும் திரும்பக் கொண்டு போய் அடைக்க மாட்டான். ஒரு பிடி அரிசிய அள்ளிட்டா அது அள்ளினதுதான், வாங்க ஆளில்லைன்னா அள்ளினவ கையிலேயே அழுகும். அது பாவம். வாங்காம விட்டவளுக்கு இல்ல, அள்ளினவளுக்கு.

வெயில் மதிலத் தாண்டி வந்துடுச்சு. பூக்காரி வாளித் தண்ணிய வாசல்ல தெளிச்சா, மண்ணு வாசம் மூக்குல ஏறிச்சு, களத்துல அவிச்ச நெல்லு ஆவி பறக்கற வாசம் இதே மாதிரித்தான் இருக்கும். கருணாகரன் அந்தக் களத்துல சைக்கிள் ஓட்டுவான். கோமளவல்லி மவன், கலியன் வயசுதான், ஒரே மாசத்துல பொறந்ததுங்க. நெல்லு மேல சைக்கிள ஏத்துவான், யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, மொதலாளி வீட்டுப் புள்ள. கலியன் அதப் பாத்துக்கிட்டே நிப்பான். கலியன் போனப்புறம் இவ கருணாகரனத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அவன் யூனிஃபார்ம் போட்டுப் போனா கலியன் இந்நேரம் இந்த உசரம் இருப்பான்னு கணக்கு. அவனுக்கு மீசை அரும்பினா கலியனுக்கும் அரும்பியிருக்கும். அவன் கல்யாண ஊர்கோலம் இந்த வாசல் வழியாத்தான் போச்சு, வாணம் விட்டாங்க, பந்தியில மிஞ்சின சோத்த எல்லா எலைக்கும் வெச்சாங்க, இவ எலைய மடிச்சுத் தூக்கி எறிஞ்சிட்டுப் பட்டினியாப் படுத்தா. அட, அதெல்லாம் விடு. ஒரு ஞாயித்துக்கெழம மாதா கோயில் வாசல்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா, தலைவலி. தட்டுல ஏதோ விழுந்துச்சு. பிச்சைக்காரி வாய் இருக்கே, அது கண்ணுக்கு முன்னாலயே ஓடும்; தட்டு சத்தம் கேட்டா வாய் தன்னால தொறக்கும். "நூறு வயசு இரு ராசா"ன்னுட்டா. நிமிந்து பாத்தா கருணாகரன். "சாப்பிட்டீங்களாம்மா"ன்னு கேட்டுட்டுப் போறான், அடையாளம் தெரியாம, அவன் பாட்டுக்கு. ஐயோ, அன்னைக்கு அவ பட்ட பாடு! கொளத்துல எறங்கி வாயக் கொப்பளிச்சா, மறுபடி கொப்பளிச்சா, மண்ண எடுத்து நாக்க வழிச்சா. என் புள்ளைக்கு நாலு வயசு, அவ புள்ளைக்கு நூறு வயசா? அதுவும் என் வாயாலயா? குடுத்த வாழ்த்தத் திரும்ப வாங்க முடியுமா? அதுவும் அள்ளின அரிசி மாதிரித்தானே. அன்னைலேருந்து யார் தட்டுல போட்டாலும் மொதல்ல நிமிந்து மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பா. இந்தக் கெழவிக்குத் திமிருன்னு பேரு வந்துச்சு. வரட்டும்.

இப்ப அதே கருணாகரன் மெஷின்ல படுத்துக் கெடக்கான். ரத்தத்த வெளிய எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள விடறாங்களாம். வாரத்துக்கு எத்தனையோ தடவ. நல்லா வேணும். வேணுமா? அவன் என்ன பண்ணினான்? ஒண்ணும் பண்ணல, கலியனும்தான் ஒண்ணும் பண்ணல. மேல போன்னு சொன்னா மடி முறியும், மடி முறிஞ்சா அவன் போவான், போனா அவளுக்குத் தெரியும், அந்த இரும்புச் சத்தம் எப்படி நெஞ்சுல கேக்கும்னு தெரியும். அதானே வேணும். அதுக்குத்தானே இத்தனை வருசம் இந்த மூலைய யாருக்கும் விட்டுக் குடுக்காம சண்டை போட்டு உக்காந்தது. ஆனா மீரான் பாவா ஒரு நாள் கேட்டாரு பாரு ஒரு கேள்வி. கதையெல்லாம் கேட்டுட்டு, டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டே, "ஏன் தையு, ஒரு பிடி அரிசி போடாததாலயா புள்ள செத்துச்சு? காச்சல்லதானே செத்துச்சு?"ன்னாரு. அவ டீயை அவரு மேலயே ஊத்தினா. பேச்ச நிறுத்தினா. அம்மாவாசை வந்து போச்சு, பௌர்ணமி வந்து போச்சு, பேசல. மனுசன் சாம்பிராணிப் புகைய அவ பக்கமே விசிறி விசிறித் தும்ம வெச்சு, அவ திட்டினப்புறம்தான் சமாதானம். ஆனா அந்தக் கேள்வி போகல. பல்லு இடுக்குல மாட்டின கீரை நாரு மாதிரி அங்கயே கெடக்கு, நாக்கு சும்மா இருக்கறப்பல்லாம் அங்கயே போகுது. இன்னைக்கு நான் மேல போன்னு சொல்லி, அவன் பொழைச்சுட்டா? எந்திரிச்சு நடந்து வந்து இதே வாசல்ல நின்னு சாப்பிட்டீங்களாம்மான்னு கேட்டா? அப்ப ஒரு பிடி அரிசிக்கு ஒண்ணும் கெடையாதுன்னு ஆயிடும். அப்ப கலியன் எதால போனான்? நான் இத்தனை வருசம் யார வெறுத்தேன்? அதுக்கு அவன் செத்தே போகலாம். சீ, என்ன நெனைப்பு இது. நெனைப்புதான், நெனைச்சா என்ன, நெனைப்புக்குக் கிட்னியா இருக்கு போறதுக்கு. சரி, ஒரு பிடி போட்டுடறேன்னு வெச்சுக்க, போட்டா என் கையால அவ மடி நெறையும், என் புள்ள காலியாப் போன எடத்துல அவ புள்ள எந்திரிப்பான். முடியாது. போடாட்டி? அந்த முறம். திரும்பவும் அந்த முறம். ஏன் அது இன்னைக்கு இப்படிக் குறுக்க வருது.

"தையு, வந்துட்டாங்க"ன்னாரு பாவா. அவ நிமிரல. மொதல்ல காலு தெரிஞ்சுது. வெறுங்காலு, வெடிப்பு விழுந்து, தார் ரோட்டுல கொப்புளம் வெச்சு, ஒரு விரல்ல ரத்தம். கோமளவல்லி காலா இது? மில்லுல கட்டில் மேல வெச்சுக்கிட்டு இருப்பாளே அந்தக் காலா? மஞ்சச் சேலை ஈரம் காஞ்சு உப்புப் பூத்திருக்கு. ரெண்டு கையாலயும் முந்தானையத் தாங்கிக்கிட்டு இருக்கா, மடி கனம் முன்னால இழுக்குது, கழுத்து நரம்பு தெரியுது. கிழடு தட்டிப்போச்சு. பக்கத்துல மருமக, அழுது வீங்கின மூஞ்சி, கொடையப் புடிச்சுக்கிட்டு. நல்லாப் பாரு, நல்லாப் பாத்துக்க தையநாயகி, இதுக்குத்தான் உக்காந்திருந்த. கோமளவல்லி வந்து நின்னா. மூச்சு வாங்கிச்சு. குனிஞ்சா. "தாயே, மடிப்பிச்சை"ன்னா. தாயேன்னா! அவ வாயால! தையநாயகிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வுன்னு ஏறிச்சு, காது சுட்டுச்சு. மூஞ்சிய நிமித்தி நேருக்கு நேரா பாத்தா. அந்தக் கண்ணுல ஒண்ணும் இல்ல, அடையாளம் இல்ல, வெறும் பயம்தான் இருக்கு, எந்தப் பிச்சைக்காரியப் பாத்தாலும் வர்ற பயம். பரவாயில்ல. தெரியாட்டி என்ன. "மேல போ"ன்னா தையநாயகி. நல்லாத் தெளிவா, ங்க போடாம, வரிசையில கடைசியில இருக்கறவனுக்கும் கேக்கற மாதிரி. மருமக "அத்தே!"ன்னு வாயப் பொத்திக்கிட்டா. பூக்காரி நாரு கிழிக்கறத நிறுத்தினா. பாவா தலையத் திருப்பிக்கிட்டாரு. தையநாயகி காத்திருந்தா. இப்ப அவ மடி முறியும், இப்ப அந்த மூஞ்சி உடையும், இப்ப அந்த இரும்புச் சத்தம் அவளுக்குக் கேக்கும்.

கோமளவல்லி மடிய ஒரு தூக்குத் தூக்கிச் சரி பண்ணிக்கிட்டு, "அதுக்கென்னம்மா, அவங்களுக்கு மனசு வரல. போடறவங்க போடுவாங்க, அடுத்தவங்களப் பாப்போம் வா"ன்னு மருமககிட்ட சொல்லிட்டு ஒரு எட்டு எடுத்து வெச்சு பாவா முன்னால நின்னா. அவ்வளவுதான். "பாவா, மடிப்பிச்சை." பாவா ஜோல்னாப் பையில கைய விட்டாரு, பிஸ்மி சொல்லி ஒரு பிடி அள்ளிப் போட்டாரு, கண்ண மூடி ஏதோ ஓதி மயிலெறகால மடியத் தடவி விட்டாரு. அடுத்த ஆளு போட்டான். அதுக்கடுத்தவ போட்டா. மடி முறியல. மடிக்கு ஒண்ணும் ஆகல. தையநாயகி வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா. இப்படியா? இவ்வளவு சுளுவா? அடுத்தவங்களப் பாப்போம் வா. யாரு சொன்னா முறியும்னு? மாமியாரா? இல்ல. பூசாரியா? அவருகிட்ட கேக்கவே இல்லையே. தேடித் தேடிப் பாத்தா, சொன்ன ஆளு ஒருத்தரும் ஆப்புடல. கேட்டைச் சாத்தின சத்தம்தான் சொல்லுச்சு, அவளே சொல்லிக்கிட்டா. இப்ப முறம் வந்துச்சு, தடுக்க முடியல. மில்லுக்காரி வீட்டுக்கு அடுத்த வீடு ராவுத்தர் வீடு. அந்தம்மா முறம் நெறைய அரிசிய வெச்சுக்கிட்டு வாசப்படியில எறங்கி நின்னுச்சு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னுச்சு. "அவ கெடக்கறா, நீ வாம்மா. இங்க வா. புள்ளைக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன், வா"ன்னு கூப்பிட்டுச்சு. இவ அந்த முறத்தப் பாத்தா. பாத்துட்டுத் திரும்பி நடந்தா. அந்தம்மா பின்னாலயே கொஞ்ச தூரம் முறத்தத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. அள்ளின அரிசிய என்ன பண்ணுச்சோ அது.

பாவி. யாரு பாவி? அவளும் பாவிதான், நானும் பாவிதான், ஆனா அவளுக்கு இந்த நிமிசம் மடி நெறையுது, எனக்கு அன்னைலேருந்து காலி. இத்தனை வருசமா ஒரு வீட்டு வாசல்லயே நின்னுட்டேனே! தையநாயகிக்கு ஆத்திரம் வந்துச்சு, கோமளவல்லி மேல வந்ததவிடப் பெருசா, எவ மேலன்னு தெரியாத ஆத்திரம். மதிலப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சா. முட்டி ரெண்டும் கடகடன்னுச்சு. மூலைய விட்டு வெளிய வந்தா, வாங்கற நேரத்துல ஒருநாளும் விடாத மூலை. அழுக்கு முந்தானையில இருந்த முடிச்ச அவுத்து அந்த ஒரு பிடி அரிசிய மடியிலயே கொட்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் மடியத் தாங்கி, மீரான் பாவா முன்னால வந்து நின்னா. "பாவா, மடிப்பிச்சை போடு." பாவா அண்ணாந்து பாத்தாரு. "என்ன தையு, வெயிலு ஏறிடுச்சா?" "போடுன்னா போடுய்யா. அந்த வீட்டுக்கு அடுத்த வீடு நீதான். என் புள்ள கலியனுக்கு. மில்லு வீட்டுல போடல, மேல போன்னுட்டாங்க, அதான் அடுத்த வீட்டுக்கு வந்திருக்கேன்." கோயில் வாசலுக்கே கேட்டுச்சு. பாவாவுக்குப் புரிஞ்சுபோச்சு, தாடி ஆடிச்சு. ஒரு பிடி இல்ல, ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டாரு. அடுத்தவன் போட்டான், அதுக்கடுத்தவ போட்டா, பூக்காரி ஓடி வந்து அரிசி இல்லாததால ஒரு முழம் கதம்பத்த மடியில போட்டா. மடி கனத்துச்சு. அந்த கனம் அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு, இடுப்புக்கு ஞாபகம் இருந்துச்சு.

வரிசை முடிஞ்சு வாசப்படியேறப் போன கோமளவல்லி அங்கயே நின்னுட்டா. கொடி, மடி, இரும்புக் கேட்டு, எது ஞாபகம் வந்துச்சோ. மூஞ்சியில ரத்தம் வத்திப்போச்சு. "தையநாயகியா? சிங்காரம் பொண்டாட்டியாடி நீ?"ன்னா. "உசுரோடவா இருக்க? அடிப்பாவி, என்கிட்ட வந்து ஒரு வார்த்த..." மில்லுக்காரி சட்டுன்னு ஒரு கைய எடுத்துத் தன் மடிக்குள்ளயே விட்டு, மூணு வாசல்லயும் வெயில்ல வெந்து வாங்கின அந்த அரிசியில ஒரு பிடி அள்ளி, தையநாயகி மடிக்கு நேரா நீட்டிட்டா. "அத்தே, என்ன பண்றீங்க, ஆத்தாளுக்குப் போட வேண்டியத அள்ளிட்டீங்களே!"ன்னு மருமக கத்தினா. "அன்னைக்குப் போட வேண்டியது இது"ன்னா கோமளவல்லி. "வாங்கிக்கடி. உன் புள்ள பேரச் சொல்லி வாங்கிக்க. வாங்கிக்க தையு, உன் காலப் புடிச்சுக்கறேன், என் புள்ள அங்க கெடக்கறான்." தையநாயகி அந்தக் கையப் பாத்தா. பிடிச்ச பிடியில விரலுக்கு நடுவுல நாலு அரிசி பிதுங்கிக்கிட்டு இருந்துச்சு. இத வாங்கிட்டா அவ கணக்கு தீந்துபோகும், நிம்மதியா உள்ள போவா. ராத்திரி தூங்குவா. தையநாயகி தன் மடிய ரெண்டு கையாலயும் சுருட்டி நெஞ்சோட அணைச்சு மூடிக்கிட்டா. "நெறஞ்சு போச்சுங்க"ன்னா, களத்துல நின்னு பேசற அதே மரியாதையோட. "எடமில்ல. மேல போங்க."

சொல்லிட்டு அவளத் தாண்டிப் படியேறினா. வாசல்ல குந்தினதுலேருந்து இந்தப் படிய அவ மிதிச்சதே இல்ல. உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, வேப்பெல வாசம், விளக்கெண்ணெ வாசம். பூசாரி ஒண்ணும் கேக்கல, தாம்பாளத்த நீட்டினாரு. கலியமூர்த்திக்குன்னு சொல்லி மடிய அவுத்துக் கொட்டினா. அரிசி விழுந்த சத்தம் ரொம்ப நேரம் கேட்ட மாதிரி இருந்துச்சு. என்ன வேண்டிக்கிறதுன்னு தெரியல. செத்த புள்ளைக்கு என்னத்த வேண்டறது. கருணாகரன் ஞாபகம் வந்தான், சாப்பிட்டீங்களாம்மான்னு. அவன் இருக்கட்டும். நூறு வயசுன்னு சொன்னது சொன்னதுதான், நான் அள்ளினத நான் திரும்பப் போட மாட்டேன். அவனுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல. அவன் நல்லாப் பொழைச்சு எந்திரிச்சு வந்து, எங்கம்மா ஏன் ராத்திரியில எந்திரிச்சு உக்காந்து கையப் பாத்துக்கிட்டு இருக்கான்னு கேக்கட்டும். தையநாயகி வெறும் முந்தானைய உதறிக்கிட்டு, தூணுக்கு இந்தப் பக்கம் வந்து நின்னு வாசலத் திரும்பிப் பாத்தா. ஆசை தீரப் பாத்தா. வெயில்ல கோமளவல்லி நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு இருந்தா. அள்ளின பிடிய மடியில போட முடியாம, கீழ கொட்டவும் முடியாம, வரிசையில ஒவ்வொருத்தர் முன்னாலயா போய் அந்தக் கைய நீட்டினா. ஆத்தாளுக்குன்னு ஏந்தின மடியிலேருந்து அள்ளினத எந்தப் பிச்சைக்காரன் வாங்குவான்? ஒவ்வொருத்தரா சொன்னாங்க, மேல போங்கம்மா, மேல போங்கன்னு.